அக்கா போட்ட இரண்டு கோடு

கத்தரிக்கோலைத் தேடினேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்தப் பை ஏதோ கை பட்டுக் கிழிந்துவிட்டது என்று முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. தையல் மிஷின் டிராயரில் இல்லை, அடுப்படியில் இல்லை. கடைசியில் மகளின் பள்ளிக்கூடப் பையில் கிடைத்தது. இவ்வளவு தேடியும் நடுவில் ஒரு நிமிஷம்கூட, வேண்டாம் விடு என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தீவில் லம்பாசா ஊரில், நசியா என்ற பகுதியில் நாங்கள் இருந்த சந்தில் ஆறு வீடு. சிமெண்டுக் கல் வீடு எங்களுடையது ஒன்றுதான். மற்றதெல்லாம் பலகையும் தகரமும். அதனால் புயல் வருகிறது என்று ரேடியோ சொன்னால் சந்துக்காரர்கள் தங்கள் பேப்பர்களை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். பேப்பர் என்றால் பிறந்த சர்டிபிகேட், கல்யாண சர்டிபிகேட், குத்தகைப் பத்திரம், பாங்குப் புத்தகம், பாஸ்போர்ட். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை மில்லில் வேலை. நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஊரார் குடும்பச் சண்டையெல்லாம் என் விரல் வழியாகப் போகும், ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது என்று எனக்கு நல்ல பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எதிர் வீட்டு அக்கா புருஷனை இழந்தவள். பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் புஜா விற்பாள். புஜா என்றால் வேறொன்றுமில்லை, பொரித்த பட்டாணியும் கடலையும் காராபூந்தியும் கலந்தது. பஸ் ஏறுகிற யாரும் ஒரு பாக்கெட் வாங்காமல் ஏற மாட்டார்கள். பாக்கெட்டை ஒட்டுவதற்கு அவளிடம் இருந்தது ஒரு மெழுகுவர்த்தி, இரும்பு அறுக்கிற ஒரு ஆக்சா பிளேடு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் பையின் வாயை பிளேடு மேல் மடித்து, மயிரிழை அளவு மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து, சுடரில் ஒரே இழுப்பு. அதோடு விட மாட்டாள். அரை விரல் தள்ளி இன்னொரு தடவை மடித்து இன்னொரு இழுப்பு. மற்ற வியாபாரிகள் பாக்கெட்டில் ஒரு கோடு இருக்கும், அக்கா பாக்கெட்டில் இரண்டு. ஒண்ணு காத்துக்கு, ஒண்ணு மழைக்கு என்பாள். ஒரு வாரம் கழித்துப் பிரித்தாலும் அவள் புஜா மொறுமொறு என்றுதான் இருக்கும்.

புயல் சமயத்தில் அந்தக் கையைத்தான் சந்து முழுக்க நம்பியது. பெரிய பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவந்து, பேப்பரை உள்ளே வைத்து, அக்காவிடம் கொடுத்தால் ஒட்டித் தருவாள். அதில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எதையும் பழைய செய்தித்தாளில் சுற்றித்தான் உள்ளே வைக்க வேண்டும். "எனக்கு வாய் மட்டும் போதும். வயித்துல என்ன இருக்குன்னு எனக்கு வேணாம்," என்பாள். நாங்கள் சிரிப்போம். பிள்ளைகளோடு இந்தி பேசிப் பேசித் தமிழ் தேய்ந்துபோன சந்தில், நானும் அவளும் மட்டும் தமிழில்தான் பேசிக்கொள்வோம். அதனாலேயே அவளை என் சொந்த அக்கா மாதிரி நினைத்திருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம். கூ என்று நாங்கள் சொல்வோம். அதற்குப் பிறகு ஊரில் எவரும் எவரிடமும் உண்மை பேசவில்லை. எல்லா வீட்டிலும் வெளிநாட்டுக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தார்கள், எல்லோரும் போடவில்லை என்றார்கள். முன் நாள் வரை கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பஜனை பாடியவர், மறுநாள் குடும்பத்தோடு காணாமல் போயிருப்பார். வீட்டில் திரைச்சீலை மட்டும் ஆடும். கண் பட்டுவிடும் என்ற பயம் ஒன்று. மொட்டைக் கடிதம் இன்னொன்று. யாருக்காவது விசா வந்தது தெரிந்தால், இவன் சொன்னதெல்லாம் பொய் என்று பேரில்லாமல் ஒரு கடிதம் தலைநகர் சுவாவில் இருக்கும் விசா ஆபீசுக்குப் போகும் என்று பேச்சு. நாங்களும் போட்டிருந்தோம். ஏழு மாதமாகப் பதில் இல்லை. அக்காவிடம் நான் சொல்லவில்லை.

ஆனால் அக்கா என்னிடம் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நியாயமா இது? ஆக்லாந்தில் இருக்கும் அவள் மகள் கர்ப்பமாக இருந்தாள், தலைப் பிரசவம். அந்த மாதம் அக்கா ஒரு கம்பளிச் சட்டை பின்னினாள். லம்பாசா வெயிலில் யாருக்குக் கம்பளி? புதுசாக ஒரு சூட்கேஸ் அவள் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தது. "என்னக்கா, எங்கயாவது பயணமா?" என்று கேட்டேன். "நான் எங்க போறேன் தங்கச்சி, துணி வைக்க இடமில்ல," என்றாள். அந்தப் பதில் என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது.

புயல் எச்சரிக்கை வந்த அன்று மத்தியானம் அவள் வீட்டில் வரிசையாக உட்கார்ந்தோம். ஜன்னலுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. உள்ளே இருட்டு, நடுவில் அவள் மெழுகுவர்த்தி. என் முறை வந்தபோது, எங்கள் அப்ளிகேஷன் நகலும் மற்றதும் சுற்றி வைத்த பையைக் கொடுத்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பையின் வாயை மட்டும் விரலால் தடவிப் பார்த்து, மடித்து, இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்தாள். கடைசியாகத் தன் பையை ஒட்டினாள். அதை என் கையில் வைக்கும்போது, "இத மட்டும் கொஞ்சம் மேலாப்புல வை தங்கச்சி," என்றாள். வேறு எதற்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். தொட்டிருப்பேன்.

வீட்டுக்காரர் மில்லில் தகரங்களைக் கட்டிப் போடப் போயிருந்தார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். கதவைத் தாழ் போட்டேன். கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, இரண்டு கோட்டையும் சேர்த்து ஓரமாக வெட்டினேன். செய்தித்தாளைப் பிரித்தேன். மேலேயே இருந்தது விசா ஆபீஸ் கடிதம். அனுமதி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அசல் சான்றுகளோடு குறிப்பிட்ட தேதிக்குள் சுவாவுக்கு வர வேண்டும் என்று இருந்தது. மூன்று வாரமாக என் வீட்டில் டீ குடித்துவிட்டு, என் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வந்த கோபத்தில், நான் ஏழு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

அதோடு நிறுத்தினேனா? பிறந்த சர்டிபிகேட்டைப் பார்த்தேன். அவள் சொன்ன வயதைவிட நான்கு வயது மூத்தவள். மகள் எழுதிய கடிதம் ஒன்றைப் படித்தேன், அம்மா நீ வந்தால்தான் எனக்குப் பயம் போகும் என்று இந்தியில் எழுதியிருந்தாள். பாங்குப் புத்தகத்தையும் பிரித்துப் பார்த்தேன். அதில் எவ்வளவு இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அவளுக்கு நான் தர மிச்சமிருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

பிறகுதான் பயம் பிடித்தது. எல்லாவற்றையும் அதே மாதிரி சுற்றி உள்ளே வைத்தேன். மெழுகுவர்த்தி இருந்தது, வீட்டுக்காரரின் ஆக்சா பிளேடும் இருந்தது. நூறு தடவை பார்த்திருக்கிறேன், இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். முதல் இழுப்பில் பிளாஸ்டிக் சுருண்டு கருகியது. அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி இழுத்தேன்; கோணலாக ஒரு கோடு விழுந்தது, ஒரு மூலை இந்தத் தடவையும் கருகியது. இன்னும் ஒரு கோடு போடப் பையில் இடம் இல்லை. கருகின மூலையில் கடுகளவு ஓட்டை மாதிரி ஏதோ தெரிந்தது. சூட்டோடு சூடாகக் கட்டை விரலால் அழுத்தினேன். விரல் பொள்ளிப் போனது. ஒட்டிக்கொண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சைக்கிள் மணி கேட்டது, வீட்டுக்காரர் வந்துவிட்டார். அந்தப் பையைப் பார்க்கவே பிடிக்காமல் தகரப் பெட்டியின் அடியில் செருகி, மற்றவர்கள் பைகளை அதன் மேல் அடுக்கினேன். எங்களுடையது மேலாப்பில் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காற்று பிடித்தது. நாங்கள் அடுப்படி மேஜைக்கடியில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் படுக்கையறை மேல் இருந்த தகரம் இரண்டு ஷீட் பிய்த்துக்கொண்டு போனது. கல் சுவர் நின்றது, கூரை நிற்கவில்லை. அந்த அறையில்தான் பெட்டி. பைகள் நிறைந்திருந்ததால் மூடி சரியாகப் படியவில்லை. காற்று அடங்கி உள்ளே போக முடிந்தபோது பெட்டியில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. அப்போதும் நான் பயப்படவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அக்கா கோடு போட்டால் ஒன்றும் ஆகாது என்றுதான் மனசு சொன்னது. அடியில் இருப்பது அக்கா போட்ட கோடு இல்லை என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

அடுத்த நாள் காலை எல்லோரும் எங்கள் வராந்தாவுக்கு வந்தார்கள். வெளியே முழங்கால் அளவு சேறு, மாமரம் ரோட்டில் கிடந்தது. ஒவ்வொரு பையாக எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். குத்தகைப் பத்திரம் நனையவில்லை, பாஸ்போர்ட் நனையவில்லை. எங்கள் பையும் அப்படியே. ஒருவர் தன் பையைத் தூக்கிக் காட்டி, அக்கா, உனக்கு மில்லுல வேலை போட்டுக் குடுக்கணும் என்று இந்தியில் சொன்னார். அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அவளுடையது மட்டும் பாக்கி.

பையைத் தூக்கும்போதே உள்ளே தண்ணீர் ஆடியது. நீலமாக இருந்தது. அவள் பிறந்த சர்டிபிகேட் பேனா மையால் எழுதின பழைய காகிதம், அந்த நீலம்தான். அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள். ஓரத்தில் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக ஓட்டினாள். கருகின மூலையில் விரல் நின்றது. என் கட்டை விரலில் அப்போது ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. நான் கையைப் பின்னால் மறைத்தேன்.

"ஊருக்கெல்லாம் ஒட்டினவ தன்னுதுல கோட்டை விட்டுட்டியே," என்றாள் கடைசி வீட்டுக்காரி, அவளும் இந்தியில்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அதுவே போதுமான கேவலம். ஆனால் வாய் திறந்தேன். "கடைசியா ஒட்டினது இல்ல, மெழுகுவர்த்தி தீந்துபோயிருக்கும். அவசரத்துல ஒரு கோட்டோட விட்டுட்டீங்க போலக்கா," என்றேன். அவ்வளவு இயல்பாக வந்தது அந்தப் பொய்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா, இருக்கும்," என்றாள். பையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, சேற்றில் இறங்கித் தன் வீட்டுக்குப் போனாள். தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

அந்தக் கடிதத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கல்யாண சர்டிபிகேட் கூழாகிவிட்டது. எல்லாம் புதுசாகச் சுவாவில் இருந்து வர வேண்டும். நாடே கிளம்பிக்கொண்டிருந்த நேரம், எல்லோருக்கும் ஒரே காகிதம்தான் வேண்டியிருந்தது. அசல் அழிந்துபோனதற்கு ஒரு சத்தியப் பிரமாணம் வேண்டும் என்றார்கள். சத்தியப் பிரமாணம் எங்கே அடிப்பார்கள்? என் ஆபீசில்தான். என் மிஷினில்தான்.

வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார், விவரம் கேட்டு எழுதி வை என்று சொல்லிவிட்டு. அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று கார்பன் வைத்துக் காகிதத்தை உருட்டினேன். பேர், தகப்பன் பேர், விலாசம் எல்லாம் அடித்தாயிற்று. காகிதம் எப்படி அழிந்தது என்ற இடம் வந்தது.

"என்னன்னு போடட்டும்க்கா?"

"நான் சரியா ஒட்டலன்னு போடு."

"புயல்ல நனைஞ்சதுன்னு மட்டும் போட்டா போதும்க்கா."

"பக்கத்துல இருந்ததெல்லாம் நனையலையே தங்கச்சி. கேட்டா நான் என்ன சொல்ல? என் கையால கெட்டுதுன்னே போடு. சத்தியம் பண்ற பேப்பர் இல்ல? தெளிவா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை அவிழ்த்துவிட்டிருந்தேன், ஆனால் தோல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அன்று சொல்லியிருக்கலாம். அறையில் யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது, அவளே வழி விட்டுக் காத்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது. நான், தன் கவனக்குறைவால் என்று இங்கிலீஷில் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

புதுக் காகிதங்கள் வருவதற்குள் கடிதத்தில் இருந்த தேதி போய்விட்டது. மகளுக்குப் பிள்ளை பிறந்தது, பக்கத்தில் யாரும் இல்லாமல். மறுபடி முதலில் இருந்து அப்ளிகேஷன் போட்டாள். இரண்டாம் தடவை டாக்டர் பரிசோதனையில் சர்க்கரை வியாதி, சிறுநீரகத்தில் கோளாறு என்று எழுதினார்கள். அதோடு முடிந்தது. அந்தக் கம்பளிச் சட்டையைத் தபாலில் அனுப்பி வைத்தாள். அடுத்த புயலுக்கு, பைகளை ஒட்டச் சொல்லி அவளிடம் சந்துக்காரர்கள் யாரும் போகவில்லை. கடையில் ஜிப் வைத்த பை வந்துவிட்டது என்றார்கள். மார்க்கெட்டில்கூட, உன் பாக்கெட்டுல காத்துப் புகுந்திருக்காதே என்று கேலி பண்ணினார்கள். நான் காதில் கேட்டுக்கொண்டே கீரை வாங்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தால் அவளுக்கு ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லை.

எங்களுக்கு நாலு வருஷம் கழித்து அனுமதி வந்தது. அதே ஆக்லாந்து. இந்தத் தடவை நான் மறைக்கவில்லை. அக்காவிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன். அதை ஒரு பிராயச்சித்தம் மாதிரி நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. "நல்லது தங்கச்சி, நல்லபடியா போ," என்றாள். அவளுக்கு அப்போது கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

கிளம்புகிற அன்று காலை வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு பை, உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. தட்டையாக, கனமில்லாமல் இருந்தது. "மக கையில குடுத்துடு. ஏர்போர்ட்டுக்கு வருவா," என்றாள்.

"சரிக்கா."

"ரெண்டு கோடு போட்டிருக்கேன்." பையைத் திருப்பி வாயைக் காட்டினாள். நேராக, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு கோடு. "மகளுக்கும் போன்ல சொல்லிட்டேன். ரெண்டு கோடும் இருக்குதான்னு பாத்து வாங்கிக்கோன்னு."

குரலில் கோபம் இல்லை. கஸ்டமருக்குப் பாக்கெட்டைக் காட்டுகிற குரல்தான். என் கன்னத்தைத் தடவிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் புஜா வறுக்கணும் என்று திரும்பிப் போனாள். வீட்டுக்காரர் டாக்சியில் இருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டே என் வீட்டில் டீ குடித்திருக்கிறாள்.

நாடி ஏர்போர்ட்டில் விமானம் மாறி ஆக்லாந்து போகும் வரை அந்தப் பையை மடியில் வைத்திருந்தேன். மேலே வைக்கிறேன் கொடு என்று வீட்டுக்காரர் கேட்டார், கொடுக்கவில்லை. ஆக்லாந்து சுங்கத்தில் ஒரு ஆபீசர், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாமல் எப்படிக் கொண்டுவந்தாய் என்றார். மிஷினுக்குள் விட்டுப் பார்த்து, வெறும் காகிதம் என்று திருப்பிக் கொடுத்தார். அது என்ன காகிதம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வெளியே அக்காவின் மகள் நின்றிருந்தாள், இடுப்பில் இரண்டாவது பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு மூத்தது. என்னைப் பார்த்து நமஸ்தே மௌசி, அதாவது சித்தி, என்றாள். நான் பையை நீட்டினேன். அவள் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, பையை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை, அடுத்த கோட்டில். அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்த்து, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள்.